மெல்ல அடிப்பவரின் கட்சி

சேத்தியாத்தோப்பில் நாங்கள் டென்னிஸ் மைதானம் எதையும் கண்டதில்லை. மட்டை பிடித்தோம் என்றால் அது பூப்பந்துக்குத்தான்; வெள்ளாற்றங்கரைப் பக்கம், வெளிச்சம் மங்கும்வரை. ஆயினும் எண்பதுகளின் நடுவில் எங்கள் நால்வருக்குள் டென்னிஸை முன்னிட்டு இரண்டு கட்சிகள் இருந்தன. இதை இன்று சொன்னால் எங்கள் பிள்ளைகளே நம்புவதில்லை. ஒன்று விஜய் அமிர்தராஜ் கட்சி, மற்றொன்று ரமேஷ் கிருஷ்ணன் கட்சி.

இருவரும் சென்னைக்காரர்கள், ஆட்டத்திலோ எதிரெதிர்த் துருவங்கள். விஜய் ஆறடிக்கு மேல் உயர்ந்தவர். சர்வீஸை இறக்கிய கையோடு வலையை நோக்கிப் பாய்ந்து, எதிராளி நிமிர்வதற்குள் கணக்கை முடிக்கப் பார்ப்பார். ரமேஷின் சர்வீஸையோ விஜய் கட்சி நண்பன் 'பந்தியில் பாயசம் ஊற்றுவது' என்று கேலி செய்வான். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் ஆட்டம் தொடங்கியபின் நிகழ்வது வேறு. எதிராளியின் வேகத்தையே கடனாக வாங்கி, அவன் சற்றுமுன் விட்டுச்சென்ற இடத்தில் பந்தைக் கொண்டுபோய் வைத்துவிடுவார் ரமேஷ். அது அவருக்குத் தந்தைவழிச் சொத்து. ராமநாதன் கிருஷ்ணன் 1954இலும் ரமேஷ் 1979இலும் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றனர். தந்தை 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரியவர்களுக்கான அரையிறுதிவரை சென்று, முறையே நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும் தோற்றார். வென்ற இருவருமே அவ்வாண்டுப் பட்டத்தையும் எடுத்துச் சென்றார்கள்.

1986 விம்பிள்டன் காலிறுதியில் ரமேஷ், பீரங்கிச் சர்வீஸ்காரரான சிவோயினோவிச்சிடம் வீழ்ந்தபோது எங்கள் கட்சியின் வாய் சில நாட்கள் அடைத்துப் போயிற்று. பதிலுக்கு நாங்கள் நினைவூட்டியது 1981ஆம் ஆண்டை: கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் வென்றுவிட்டு விஜய் கோட்டை விட்ட காலிறுதி. ஒருவர் தோல்வியால் மற்றவர் தோல்வியை அடித்துக்கொண்டிருந்தோம்! 1987இல் இருவரும் ஒரே அணியில் நின்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றபோதுதான் கட்சிகள் சற்றே கலைந்தன. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், உலகின் முதல்நிலை வீரராயிருந்த மேட்ஸ் விலாண்டரை ரமேஷ் இரண்டாம் சுற்றிலேயே வெளியேற்றியதும் மீண்டும் முளைத்தன.

பல்லாண்டுகள் கழித்து, 2008 ஜூலை 6 அன்று, ஃபெடரரும் நடாலும் மோதிய விம்பிள்டன் இறுதிக்காக நால்வரும் மறுபடி ஒரே வீட்டில் கூடினோம். அங்கே மழை நிறுத்தியது, இங்கே மின்வெட்டு. ரமேஷ் கட்சிக்கு ஃபெடரரைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் எங்கள் கட்சியின் தீவிரத் தொண்டன், படிப்பைப் பாதியில் விட்டுக் கரும்பு வயலோடு மல்லுக்கட்டி நிற்பவன், அன்று நடால் பக்கம் சாய்ந்தான். "ஒங்க ஆளுக்கு வேர்வையே வரல, அதனாலதான் ஒங்களுக்குப் புடிக்குது" என்றான். "இவனப் பாருங்கடா, ஒவ்வொரு பந்துக்கும் உசுரக் குடுத்து ஓடுறான்."

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் மூவரும் நாற்காலி உத்தியோகக்காரர்கள். சிரமம் தெரியாத கலையை நேசித்தது ரசனையாலா, சிரமப்பட விரும்பாததாலா என்ற ஐயம் அப்போது எழுந்தது. இன்றும் முழுதாய் அகலவில்லை. ரமேஷின் அந்த அனாயாசத்துக்குப் பின்னாலும் எத்தனை ஆயிரம் விடியற்காலைப் பயிற்சிகள் இருந்திருக்கும்! நாங்கள் அதைக் காண விரும்பவில்லை, அவ்வளவுதான்.

நம் கணக்கில் இரவு ஒன்றே முக்கால் மணி இருக்கும், ஐந்தாவது செட் 9-7 என முடிந்து நடால் புல்தரையில் மல்லாந்து விழுந்தார். அவன் கைதட்டவில்லை. விடிந்தால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை தன்னுடையது என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.