இரும்புக் கதவின் இரண்டு பக்கமும்

டெல்லி மதுரா சாலையில், புரானா கிலாவின் மதிலை ஒட்டி 176 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது தேசிய விலங்கியல் பூங்கா. மெட்ரோவில் வருகிறவர்கள் ப்ளூ லைனில் சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். அண்மைக்காலம்வரை அதன் பெயர் பிரகதி மைதான். வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்தப் பூங்காவுக்குத் திட்டம் போட முதலில் அழைக்கப்பட்டவர் நம் பக்கத்துக்காரர்: இலங்கை தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த மேஜர் ஆப்ரி வைன்மன். அவரால் நெடுநாள் தங்க முடியாததால், வேலை ஹாம்பர்க்கின் ஹாகன்பெக் குடும்பத்துக்குப் போனது. கம்பிக்கூண்டு வேண்டாம், நடுவே அகழி போதும் என்பதை 1907-லேயே தங்கள் ஊரில் நடத்திக் காட்டிய குடும்பம் அது. 1959 நவம்பர் 1 அன்று டெல்லிப் பூங்கா திறந்தது. இன்றும் பார்வையாளருக்கும் புலிக்கும் நடுவே அகழிதான் இருக்கிறது. கம்பி மறைக்காததால் புலி கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் ஒரு பிரமை வருகிறது. அதை வளர்ப்பவருக்கு அதனிடம் இன்னும் நெருக்கம் இருக்கும், தடவிக் கொடுப்பார், பெயர் சொல்லி அணைத்துக்கொள்வார் என்றெல்லாம் மனம் கற்பனை செய்கிறது. அந்த உறவு உண்மை என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது தொடுவதில் இல்லை. நாள்தோறும் தவறாமல் பூட்டப்படும் ஒரு இரும்புக் கதவில் இருக்கிறது.

பார்வையாளர் கண்ணுக்குப் படாத பின்பக்கத்தில் அந்தக் கதவு இருக்கிறது. புல்வெளிக்குப் பின்னால் சிமென்ட் தரையும் கம்பிக்கதவும் கொண்ட சிறிய அறைகள், ‘செல்’ என்கிறார்கள். மாலையில் புலி அதற்குள் வர வேண்டும். பராமரிப்பாளர் வெளியே நின்றபடியே நகரும் கதவைத் திறக்கிறார். உள்ளே எருமை இறைச்சி தயாராக இருக்கிறது. புலி நுழைந்ததும் கதவு இறங்குகிறது, பூட்டு விழுகிறது, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். காலையில் புலியை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிய பிறகே தரையைக் கழுவ உள்ளே போகிறார். மலம் இறுகியிருக்கிறதா, எலும்பில் எவ்வளவு மிச்சம், எந்தக் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது என்று பார்ப்பதும் அவர் வேலை. கால்நடை மருத்துவருக்குத் தெரிவதற்கு முன்பே நோய் இவர் கண்ணில்தான் முதலில் படுகிறது. அந்த நேரத்தில் பழகிய புலி கம்பியோரம் வந்து கன்னத்தைத் தேய்க்கும். வாயைத் திறக்காமல் மூக்கின் வழியே ‘ப்ஃபுர்ர்’ என்று காற்றை விட்டு விட்டு ஊதும். தாய்ப்புலி குட்டியிடமும், இணைகள் ஒன்றையொன்று சந்திக்கும்போதும் எழுப்பும் ஒலி அது. சிங்கத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஆளிடம் புலி சாதாரணமாக இப்படி ஊதுவதில்லை. ஆகவே, அது ஆளை அடையாளம் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை.

எல்லாம் தீனிக்காகத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இறைச்சி வாளியோடு எவர் வந்தாலும் அவர் பின்னால் போகிற பிராணிக்குப் பாசம் என்று பெயர் வைக்கக் கூடாது. ஆனால் தீனி மட்டுமே காரணம் என்றால், வேறு பூங்காவுக்கு மாற்றப்பட்ட புலி அதே எருமை இறைச்சியை முன்னால் வைத்தும் சில நாள் தொடாமல் கிடப்பதற்கு விளக்கம் இல்லை. இடம், வாசனை, குரல், காலடிச் சத்தம், நேரம் எல்லாம் சேர்ந்த ஒரு ஒழுங்கில்தான் அதற்கு நிம்மதி. அந்த ஒழுங்கின் நடுவில் நிற்கும் மனிதர் அதற்கு முக்கியமானவராகிறார். வீட்டுப் பூனைகளைப் பற்றி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, சோதித்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தம்மைப் பேணுகிறவரிடம் பாதுகாப்பை நாடும் பிணைப்பைக் காட்டியதாகச் சொல்கிறது. வீட்டுப் பூனையிலிருந்து புலிக்கு அப்படியே தாவிவிட முடியாது. பூனை பல்லாயிரம் ஆண்டு மனிதரோடு வாழ்ந்த இனம். ஆனால் பூனைக் குடும்பத்துக்கே பற்று கிடையாது என்ற பழைய நம்பிக்கை இனி நிற்காது.

பெரும்பூனையைக் கட்டித் தழுவலாம் என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு இருக்கிறது. அக்பர் வேட்டைக்காகச் சிவிங்கிப்புலிகளைப் பெருந்தொகையாக வளர்த்தார். அவற்றுக்கான இறைச்சி அளவையும் பராமரிப்பாளர்களின் சம்பளத்தையும் அவர் அவையிலிருந்த அபுல் ஃபஸல் தம் அயினி அக்பரியில் எழுதி வைத்தார். சமந்த் மானிக் என்ற சிவிங்கி பல்லக்கில் போகும். முன்னால் முரசு முழங்கும். ஆனால் சிவிங்கி வேறு, புலி வேறு. மனிதனோடு மல்லுக்கு நிற்கும் சுபாவம் சிவிங்கிக்கு இல்லை. ஓடித் தப்புவதே அதன் வழி. புலியோ பதுங்கிக் கழுத்தைப் பிடிக்கும் பிராணி. சிவிங்கியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி ஒருவர் நிற்கும் முகலாய ஓவியத்தைப் பார்த்துப் புலியையும் அப்படி நினைத்துவிடக் கூடாது.

டெல்லிக்கு இது 2014 செப்டம்பர் 23 அன்று கொடூரமாகப் புலப்பட்டது. விஜய் என்ற வெள்ளைப் புலியின் அகழிக்குள் இளைஞர் ஒருவர் விழுந்தார். புலி உடனே பாயவில்லை; எதிரே வந்து நின்று பல நிமிடங்கள் அவரைப் பார்த்தது. மேலே கூட்டம் கூச்சலிட்டது, சிலர் கல்லெறிந்தார்கள். பிறகு அவர் கழுத்தைக் கவ்வி இழுத்துச் சென்றது. அவர் இறந்துபோனார். விஜய்க்கு மனிதர்களே தெரியாது என்று சொல்ல முடியாது. மனிதர் கையால் தீனி தின்று, மனிதர் குரலைக் கேட்டு வளர்ந்ததுதான் அது. ஆனால் புலியின் பழக்கம் இனத்தோடு ஏற்படுவதல்ல, ஆளோடு ஏற்படுவது. தன்னைப் பேணுகிறவரை ஏற்றுக்கொண்ட புலி மனித குலத்தையே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. விஜயை ஆட்கொல்லி என்று எழுதியதும் தவறு, கருணையோடு தயங்கி நின்றது என்று உருகியதும் தவறு. 2019 அக்டோபரில் இதே பூங்காவில் சிங்கத்தின் வளாகத்துக்குள் ஒருவர் இறங்கி அதன் எதிரிலேயே உட்கார்ந்தார். ஊழியர்கள் சிங்கத்தை மயக்க மருந்தால் அடக்கி அவரை உயிரோடு மீட்டார்கள். அவர் பிழைத்ததற்குச் சிங்கத்தின் அன்பைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை.

சரி, வருடக்கணக்கில் பழகியவர்கள் தொடலாமா? லாஸ் வேகஸ் மேடையில் வித்தை காட்டிய ராய் ஹார்ன், குட்டியிலிருந்தே தம்மிடம் வளர்ந்த மான்டகோர் என்ற வெள்ளைப் புலியோடு நெருங்கி நின்றவர். 2003 அக்டோபர் 3 அன்று அது அவர் கழுத்தைக் கவ்வி மேடையை விட்டு இழுத்துச் சென்றது. தாம் நிலைகுலைந்ததைக் கண்டு புலி தம்மைக் காப்பாற்றவே முயன்றது என்று ராய் கடைசிவரை சொல்லி வந்தார். அதைக் கொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதை மறுத்தவர்களும் உண்டு. என் வாதத்துக்கு அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். தாய்ப்புலி குட்டியைப் பிடரியில் கவ்வித்தான் தூக்குகிறது. அந்தப் பாசத்தைத் தாங்கும் பிடரி மனிதனுக்கு இல்லை. கோபம் வந்தால்தான் ஆபத்து என்பதில்லை. புலி அன்பாக இருந்தாலும் ஆபத்துதான். 2016-ல் ஃபுளோரிடாவின் பாம் பீச் பூங்காவில் புலிகளை நன்றாக அறிந்த ஒரு பராமரிப்பாளர், புலி வரக்கூடும் என்று குறிக்கப்பட்டிருந்த பகுதிக்குள் போய் உயிரிழந்தார். 2020 ஜூலையில் சூரிக்கில் இன்னொருவர். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: அவரும் புலியும் எப்படி ஒரே நேரத்தில் கதவின் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்?

மிகக் கடினமான ஆட்சேபம் வேறு. சிறைப்பட்ட பிராணிக்குக் காவலனைத் தவிர யார் இருக்கிறார்கள், அதை உறவு என்று கொண்டாடலாமா? இதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் விரும்பவில்லை. டெல்லிப் பூங்காவின் குளங்களுக்கு ஆண்டுதோறும் சங்குவளை நாரைகள் தாமாகவே வந்து மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுப் பறந்துபோகின்றன. புலிக்கு அந்த வழி இல்லை. காட்டுயிர் ஆர்வலர் பில்லி அர்ஜன் சிங் 1976-ல் இங்கிலாந்தின் டுவைக்ராஸ் பூங்காவிலிருந்து தாரா என்ற பெண்புலிக் குட்டியைத் துத்வா காட்டுப்பகுதிக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அது அவரை விட்டுக் காட்டுக்குள் போனது. அதற்காகத்தான் அவர் வளர்த்தார். ஆனால் எல்லாப் புலியும் தாரா ஆக முடியாது. 1951-ல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலியின் வம்சத்தில் தந்தையும் மகளும் சேர்க்கப்பட்டுப் பிறந்தவை இந்த வெள்ளைப் புலிகள். காட்டில் அவற்றுக்கு இடமில்லை. 2001-ல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் புலி, சிங்கங்களுக்கு விதித்த தடையை உறுதிசெய்தபின் மீட்கப்பட்டவை வண்டலூர் போன்ற மறுவாழ்வு மையங்களுக்கு வந்தன. வயதான அந்த உயிர்களை எங்கே விடுவது? சிறையை மனிதர்கள் கட்டினார்கள்; அதற்குள் இருக்கிற உயிருக்கு நிம்மதியான நாளைத் தருவது கட்டியவர்களின் கடன். அந்தக் கடனை நம் எல்லோர் சார்பிலும் அடைப்பவர் பராமரிப்பாளர்.

2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற பெண்சிங்கமும் ஒரு ஆண்சிங்கமும் கொரோனா தொற்றில் இறந்தன. அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் நதியா என்ற புலிக்குத் தொற்று கண்டறியப்பட்டிருந்தது. அறிகுறி காட்டாத ஊழியரிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். தொட்டிருக்கவே வேண்டாம், மூச்சுக்காற்றே போதுமாக இருந்திருக்கும். அதன் பிறகு முகக்கவசமும் தள்ளி நிற்பதும் பராமரிப்பின் பகுதியாயின.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டால் நம் பூங்காக்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. 2017 அக்டோபரில் பன்னேர்கட்டாவில் வெள்ளைப் புலிகளால் கொல்லப்பட்ட ஊழியர் அந்தப் பொறுப்புக்குப் புதியவர். கதவு சரியாகப் பூட்டப்படவில்லை என்றே செய்திகள் வந்தன. புலிக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் அந்தக் கதவு பழகவில்லை. பல பூங்காக்களில் இந்த வேலை ஒப்பந்தக் கூலிக்குப் போய்விட்டது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். குட்டிக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு அமைச்சர் வருகிறார். அந்தக் குட்டியோடு பத்து வருடம் இருக்கப்போகிறவருக்கு நிரந்தரப் பணி இருக்கிறதா, புதியவர் பழையவருடன் மாதக்கணக்கில் நின்று பழகிய பிறகுதான் சாவியை வாங்குகிறாரா, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்க்க இரண்டாவது ஆள் உண்டா என்பதைப் பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் கேட்க வேண்டியது மத்திய உயிரியல் பூங்கா ஆணையம். அதன் அலுவலகமும் இதே டெல்லியில்தான் இருக்கிறது.