துக்க வீட்டில் விண்மீன்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் வீட்டுக்கு வீடு விண்மீன்கள் ஏறிவிடுகின்றன. சிறுவர்கள் மூங்கில் சிம்பையும் வண்ணத் தாளையும் தேடி அலைகிறார்கள். வசதியுள்ள இல்லங்களில் கடையில் வாங்கிய விண்மீன் மின்விளக்குடன் தொங்குகிறது. தெரு முழுவதும் இவ்வாறு ஒளிர்ந்துகொண்டிருக்க, இடையில் ஒரு வீட்டு வாசல் மட்டும் இருண்டு கிடக்கும். காரணத்தை எவரும் கேட்பதில்லை. அந்த ஆண்டு அவ்வீட்டில் ஒரு சாவு நேர்ந்திருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி.

ஓராண்டுக் காலம் துக்கம் காப்பது நம் மக்களிடையே வேரூன்றிய வழக்கம். புத்தாடை இல்லை, பலகாரம் இல்லை, குடில் இல்லை, விண்மீனும் இல்லை. இவ்வழக்கத்தை இகழ்ந்து பேச நான் துணியமாட்டேன். இறந்தவரை மறந்து மறுமாதமே களிப்பில் இறங்குவதைவிட, அவர் பொருட்டு ஓர் இன்பத்தைத் துறப்பது எவ்வளவோ மேல். அன்பு இருந்த இடத்தில்தான் துக்கமும் இருக்கும். ஆயினும் பல ஆண்டுகளாக ஒரு கேள்வி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. துக்க வீட்டார் பலகாரத்தை விடுவது சரி. விளக்கையும் விட்டுவிட வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன், பங்கின் பாடற்குழுவினரோடு இல்லங்களைச் சந்தித்து வந்தேன். இருண்டிருந்த ஒரு வீட்டைத் தாண்டிச் செல்ல இளைஞர்கள் முற்பட்டார்கள். துக்க வீட்டில் பாடுவது மரியாதையன்று என்பது அவர்கள் எண்ணம். நான் மட்டும் உள்ளே சென்றேன். கணவரை இழந்து ஐந்து மாதமே ஆகியிருந்த அந்தத் தாய் எழுந்து நின்று, "இந்த வருசம் எங்களுக்குத் திருநாள் இல்லீங்க, சாமி. விளக்குப் போட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். அருகே நின்ற சிறு பையன் என் அங்கியைப் பற்றிக்கொண்டு, "அப்போ இயேசு பாலன் எங்க வீட்டுக்கு வரமாட்டாரா, சாமி?" என்று கேட்டான். தாயின் சொல்லில் இருந்தது ஊராரைப் பற்றிய அச்சம். மகனின் கேள்வியிலோ விசுவாசமே அடங்கியிருந்தது.

இங்கிலாந்து முதலிய பிரித்தானியப் பகுதிகளில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. குணப்படுத்த இயலாத நோயாளரை இறுதி நாள்வரை பேணும் இல்லங்கள் அங்கே பல உள்ளன. 'ஹாஸ்பிஸ்' என்று அவற்றை அழைப்பர். நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ ஒரு மாலைப் பொழுதில், இல்லத்துத் தோட்டத்திலோ ஊர்ச் சதுக்கத்திலோ கோவிலிலோ, ஒரு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி மக்கள் கூடுகிறார்கள். தம் குடும்பத்தில் இறந்தவரின் பெயரை முன்னரே கொடுத்து, இயன்ற காணிக்கையும் செலுத்தியிருப்பர். பெயர்கள் நினைவேட்டில் எழுதப்படுகின்றன. பல இடங்களில் உரக்க வாசிக்கவும்படுகின்றன. கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாடப்படுகின்றன. பின்னர் மரத்தின் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. அவ்விளக்குகள் ஒவ்வொன்றும் இறந்த ஒருவரின் நினைவு. சேர்ந்த காணிக்கையோ, இன்று மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளரின் பராமரிப்புக்குச் செல்கிறது. நேற்று இறந்தவர் பெயரால் இன்று துன்புறுபவர் ஆறுதல் பெறுகிறார்.

இத்தகைய இல்லங்களின் வரலாற்றிலேயே ஒளியைப் பற்றிய அழகிய செய்தி ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டில் லண்டனில், மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணி, போலந்திலிருந்து வந்து குடியேறியிருந்த டேவிட் டாஸ்மா என்ற யூதரை அவருடைய மரணப் படுக்கையில் சந்தித்து உரையாடி வந்தார். இறப்போர் அமைதியாகக் கண்மூட ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அவ்வுரையாடல்களில் வளர்ந்தது. டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை அவரிடம் விட்டுச் சென்றார். அமையப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சாண்டர்ஸ் அம்மையார் மருத்துவம் பயின்று, பிறரன்புக் கன்னியர் 1905 முதல் ஹாக்னியில் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் பணியாற்றி அனுபவம் பெற்றார். 1967-ஆம் ஆண்டில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். ஓர் ஏழையின் காணிக்கை சாளரமாவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. ஆனால் வெளிச்சம் வந்து சேர்ந்தது.

'அது மேல்நாட்டார் வழக்கம், நமக்கு எதற்கு?' என்று சிலர் வினவலாம். நம் திருச்சபையின் நாள்காட்டியைச் சற்றே புரட்டிப் பாருங்கள். பாலன் பிறந்த மறுநாளே, டிசம்பர் 26-இல், முதல் மறைசாட்சியான புனித முடியப்பரின் மரணத்தை நினைவுகூர்கிறோம். 28-ஆம் நாள் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். குடிலின் வைக்கோல் வாடுமுன்னே திருச்சபை கல்லறையையும் கண்ணீரையும் அதன் அருகில் வைத்துவிடுகிறது. குருக்கள் அனைவரும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்ற சலுகை உள்ள நாள்கள் இரண்டு. ஒன்று கிறிஸ்து பிறப்பு. மற்றொன்று நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். இரண்டாவது நாளுக்கான சலுகையைத் திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர், முதல் உலகப் போர் எண்ணற்ற இல்லங்களை இருளாக்கிக்கொண்டிருந்த 1915-ஆம் ஆண்டில், திருச்சபை முழுமைக்கும் வழங்கினார்.

நம் கடற்கரை மக்களுக்கு இந்த நெருக்கத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில், ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் அன்னையைக் காண வந்திருந்த திருப்பயணிகளும் அதில் அடக்கம். அந்நாளில் அம்மக்கள் இன்றும் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிக்கிறார்கள். துக்கத்தின் பெயரால் அவர்கள் விளக்கை அணைக்கவில்லை, ஏற்றுகிறார்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் மறத்தலாகாது. வெறும் நினைவு, நினைப்பவரோடு முடிந்துவிடும். நாமோ இறந்தவர்களுக்காக மன்றாடுகிறோம். உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு நம் செபமும் திருப்பலியும் தருமமும் உதவும் என்று விசுவசிக்கிறோம். அவர்களுக்காக நாம் கேட்பவை இரண்டே: இளைப்பாற்றி, ஒளி. அடக்கத் திருப்பலியில் பாஸ்காத் திரி பிணப்பெட்டியின் அருகே எரிவதும் இதனாலேயே. திருமுழுக்கு நாளில் அத்திரியிலிருந்து ஒளி பெற்றவர், அவ்வொளியின் துணையோடு வழியனுப்பப்படுகிறார். பெட்டியின் அருகில் எரியலாகும் விளக்கு, அதே ஆண்டில் அவர் வீட்டு வாசலில் எரிவது எவ்வாறு குற்றமாகும்?

ஆகவே, துக்கம் காக்கும் குடும்பங்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இது. இவ்வாண்டு புத்தாடை வேண்டாம், பலகாரம் வேண்டாம். உங்கள் துறவு புனிதமானது. ஆனால் ஒரு விண்மீனை மட்டும் கட்டுங்கள். ஆடம்பரமின்றி, வெள்ளைத் தாளில் செய்தால் போதும். இறந்தவரின் பெயரை அதில் எழுதுங்கள். மாலையில் விளக்கேற்றும்போது குடும்பமாக முழங்காலிட்டு, அவருக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். புத்தாடைக்குச் செலவாகியிருக்கக்கூடிய பணத்தில் ஒரு பகுதியை, உங்கள் பங்கில் படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியின் மருந்துக்குக் கொடுங்கள். பங்குகளும் நவம்பர் மாதத்தில் இறந்தோர் பெயர்களை எழுதி வாங்கிய ஏட்டை அலமாரியில் பூட்டிவிடாமல், திருக்காட்சித் திருநாள் வரை குடிலின் அருகே வைக்கலாம்.

அயலாருக்கும் ஒரு சொல். அவ்வீட்டு வாசலில் விண்மீனைக் கண்டால், "இதற்குள் துக்கம் தீர்ந்துவிட்டதா?" என்று கேளாதீர்கள். சிம்பும் தாளும் எடுத்துக்கொண்டு நீங்களே சென்று கட்டிக் கொடுங்கள். பின்பு அவர்களோடு சேர்ந்து, அதில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிச் செபியுங்கள்.