ஹைவேயை விட்டு மண் ரோட்டுக்கு

பதினோரு வருஷமா ரோட் சைக்கிள் ஓட்டுறவன் நான். மாற்றலாகி சித்தூர் வந்தப்புறம் ஞாயிற்றுக்கிழமைன்னா விடியக்காலை நாலரைக்குக் கிளம்பிடுவேன். காணிப்பாக்கம் பக்கமாப் போய், சந்திரகிரி வழியா திருப்பதி, அங்கே ஒரு பிளேட் இட்லி, திரும்பி வீடு. போக வர சுமார் 140 கிலோமீட்டர். "சாமி கும்பிடவா மக்கா போற?"ன்னு நாகர்கோவில்லேருந்து அம்மா போன்ல கேப்பாங்க. ஆமான்னு சொல்லிருவேன். பசிச்சவனுக்கு இட்லியும் சாமிதானே :-)

2024 ஜூன்ல அது நின்னுபோச்சு. அந்த மாசம் இங்கே பெங்களூரா மாங்காய் சீசன். கூழ் ஃபாக்டரிக்குப் போற டிராக்டருங்க ராப்பகலா ஓடும். அதுல ஒண்ணு, பின்னாடி லைட்டு இல்லாம இருட்டுல ரோட்டோரம் நின்னுட்டிருந்தது. கடைசி நிமிஷத்துல ஒடிச்சேன். காறை எலும்பு போச்சு. வேலூர்ல பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் வெச்சாங்க. தங்கமணி திட்டவே இல்லை. ரெண்டா வெடிச்ச ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்துல வெச்சாங்க, அவ்வளவுதான். பத்தாவது படிக்கிற பொண்ணுதான் வாயைத் திறந்தா: "சைக்கிள் ஓட்டுப்பா. ஹைவே மட்டும் வேண்டாம்."

சரி, மவுண்டன் பைக் வாங்கலாம்னு முடிவாச்சு. ஒரு வருஷம் இழுத்தடிச்சேன். அதுலயும் ஒரு லாபம் இருந்தது: 2025 செப்டம்பர் 22லேருந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துலேருந்து 5 ஆயிடுச்சு. பி.காம். படிச்சவன் இதைச் சொல்லாம விட்டா பாவம்.

சென்னைக் கடைக்குப் போனதும் நான் கேட்ட முதல் கேள்வியே தப்பு: "வெயிட் எவ்வளவு?" பதினாலு கிலோன்னாங்க. என் ரோட் வண்டி எட்டரை. மனசு உடைஞ்சுது. அடுத்தது சைஸ். ரோட் வண்டி 54, அதே கொடுங்கன்னேன். கடைப் பையன் சிரிச்சுட்டு, "சார், ஏறி நில்லுங்க"ன்னான். உக்காருங்கன்னு சொல்லலை, கவனிங்க. மண் இறக்கத்துல பெடல் மேல நின்னுக்கிட்டுத்தான் இறங்கணும். அதனால ஹேண்டில்பார் எவ்வளவு முன்னாடி இருக்குன்னு பாத்துத்தான் சைஸ் முடிவாகுமாம். ஹேண்டில்பாரும் முக்கால் மீட்டர் அகலம். எருமைக் கொம்பைப் பிடிச்ச மாதிரி இருந்தது.

கியர்ல மட்டும் என் கணக்கு ஒத்து வந்தது. என் ரோட் வண்டியோட லேசான கியர்ல (34க்கு 28) ஒரு சுத்து மிதிச்சா வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். இதுல 32க்கு 46, பெரிய 29 இஞ்ச் சக்கரம், அப்படியும் 1.6 மீட்டர்தான். சறுக்குற மண்ணுல செங்குத்தா ஏற அதுதான் வேணும். நாப்பத்தேழு வயசு முட்டிக்கும் அதுதான் வேணும்.

வேடிக்கை என்னன்னா, இந்த வண்டியை உண்டாக்கினவங்களே நம்மள மாதிரி ரோட் ரேஸ் பசங்கதான். 1970கள்ல கலிபோர்னியாவுல மவுண்ட் டமால்பயஸ் பக்கம் கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ் மாதிரி ஆளுங்க, 1930கள்ல வந்த பழைய ஷ்வின் சைக்கிளை மலைமேல கொண்டுபோய் இறக்கத்துல விட்டாங்க. 1976 அக்டோபர்ல ரேஸே வெச்சாங்க. அந்தப் பாதைக்குப் பேர் 'ரீபேக்'. பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக், சூட்டுல ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் எரிஞ்சு புகையாப் போயிடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்கணும். இதைப் படிச்சப்புறம் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்குக் கூடுதலாக் கொடுத்த காசு எனக்கு வலிக்கலை.

ரெண்டு பக்கமும் ஷாக் வெச்ச வண்டி மேல பொண்ணுக்கு ஆசை. நான் கேட்டுக்கிட்ட கேள்வி, எங்கே ஓட்டப் போறேன்? சந்திரகிரி தாண்டினா சேஷாசலம் மலை கண்ணெதிரே நிக்குது. ஆனா அது 2010லேருந்து உயிர்க்கோளக் காப்பகம், வனத்துறை அனுமதியில்லாம நுழையக் கூடாது. செம்மரக் காடு வேற. 2015 ஏப்ரல்ல, செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு சொல்லி நம்ம தமிழ்நாட்டுக் கூலிக்காரங்க 20 பேரைச் சுட்டுக் கொன்ன மலை. முதுகுல பையோட, தமிழ் பேசிக்கிட்டு அந்தப் பக்கம் சைக்கிள்ல போறவனை நானா இருந்தாலும் நிறுத்தித்தான் விசாரிப்பேன். ஆக, மலை வண்டி வாங்கினாலும் மலைக்குப் போறதில்லை. ஏரிக்கரை, மாந்தோப்பு, வண்டிப்பாதை இதுக்கு முன்னாடி மட்டும் 100 மில்லிமீட்டர் ஷாக் போதும். ஸ்க்ரூ வெச்ச தோளுக்கும் அது உபகாரம்.

முதல் நாள் பழக்க தோஷத்துல டயர்ல காத்தை 50 பி.எஸ்.ஐ. ஏத்திட்டேன். ரோட் வண்டிக்கு 90 அடிச்ச கை. ஏரிக்கரையில ரப்பர் பந்து மாதிரி குதிச்சேன். 28க்கு இறக்கினதும் டயர் மண்ணைக் கவ்விக்கிச்சு. டியூப் கிடையாது, உள்ளே பால் மாதிரி ஒரு திரவம், சீமைக்கருவேல முள் குத்தினா தானே அடைச்சுக்கும்.

அன்னிக்கு ஒரு மாந்தோப்புல மருந்தடிச்சுக்கிட்டிருந்தவர் என்னைப் பாத்ததும் ஓடி வந்தார். நம்ம கிளையில பயிர்க்கடன் வாங்கினவர். "மேனேஜர் காரு, வட்டி கட்டிட்டேனே சார்!" ஞாயித்துக்கிழமை காலைல ஹெல்மெட்டோட வசூலுக்கு வந்துட்டேன்னு நினைச்சுட்டார். 2025ல மாங்காய் விலை படுத்த படுக்கைக்கு அந்தப் பயம் நியாயம்தான். உக்காரவெச்சு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஹைவேயில அத்தனை வருஷம் போயும் இப்படி யாரும் நிறுத்தினதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொண்ணு கேட்டா, "எத்தனை கிலோமீட்டர்ப்பா?" பதினாறுன்னேன். "ஸ்பீடு?" அதைச் சொல்லலை.

ரோட் வண்டியை இன்னும் விக்கலை, சுவத்துல தொங்குது. மாசம் ஒருதடவை இறக்கி, 90க்குக் காத்தடிச்சு, திரும்ப மாட்டி வைக்கிறேன். தங்கமணி பாத்தும் பாக்காத மாதிரி அடுப்படிக்குப் போயிடுவாங்க.