விரிக்க ரெண்டு செகண்ட்... மடக்க?

அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாச்சா? குட்டிப் பாப்பாவும் பொறந்தாச்சா? வாழ்த்துகள் மாமா! (தங்கச்சியா இருந்தா, வாழ்த்துகள் சித்தி!) இனிமே மூணு மாசமோ, அஞ்சு மாசமோ... வீட்டுல அந்த மூணு கிலோ ஆளோட ராஜ்யம்தான். நீங்க செமஸ்டருக்குப் படிக்கிற ரூம், மேட்ச் பார்க்கிற டி.வி., காத்து வாங்குற ஃபேன்... எல்லாத்துக்கும் பாப்பாதான் ஓனர்.

அந்த ஓனரைப் பார்க்க பெங்களூருல இருந்தோ, சென்னையில இருந்தோ வர்ற சொந்தக்காரர் யாராவது ஒருத்தர் கையில தட்டையா, வட்டமா ஒரு பை இருக்கும். ஜிப்பைத் திறந்து, எலாஸ்டிக்கைக் கழட்டினதும்... 'டப்!' கூடத்து நடுவுல ஒரு குட்டிக் கூடாரம்! மேல துணி, பக்கத்துல வலை, உள்ள சின்னதா ஒரு மெத்தை. வெயில் படாது, ஈ மொய்க்காது, கொசு வராது. வீடே கை தட்டும். கொண்டு வந்தவரும் காபியைக் குடிச்சிட்டு, பொம்மிடி போய் ரயில் ஏறிடுவார்.

கதையே அதுக்கு அப்புறம்தான். அதை மடக்கணுமே!

முதல்ல அப்பா வருவார். ரெண்டு பக்கமும் பிடிச்சு அமுக்குவார். அது அவர் மூக்குக்கு நேரா எகிறும். அடுத்து அம்மா, பாய் மாதிரி சுருட்டிப் பார்ப்பாங்க. சுருளாது. கடைசியில அது பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல, பாதி மடங்கி, பல்லிக்கு வாடகை வீடா நிக்கும். ரெண்டு நாள் கழிச்சு, "இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கே"னு அதை எடுத்து மல்லுக்கட்டப் போறது யாரு தெரியுமா? வயித்துல தையல் காயாத உங்க அக்கா. ஒரு தோள்ல குழந்தை, மறு கையில கூடாரம்!

விரிக்கிறவருக்குக் கைதட்டல், மடக்குறவருக்கு முதுகுவலி. நம்ம வீடுகள்ல பாதி வேலைகள் இப்படித்தானே நடக்குது! சித்திகளுக்கு இதைப் புதுசா சொல்லத் தேவையில்ல. ஏற்கெனவே அவங்கதான் குழந்தைத் துணியை மடிச்சிட்டு இருப்பாங்க. அதனால மாமன்களே, இனிமே வர்றது ஸ்பெஷலா உங்களுக்கு.

மூணுதான் ரகசியம்!

இது பலத்துல நடக்குற வேலை இல்ல பாஸ். கணக்குல நடக்குற வேலை. கூடாரத்தோட ஓரத்துல துணிக்குள்ள ஓடுறது மெல்லிசான ஸ்பிரிங் ஸ்டீல். ரெண்டு முனையும் சேர்ந்த ஒரு முழு வளையம். அந்த வளையத்தைச் சின்னதாக்கணும்னா, மூணு சுத்தா மடக்கணும். ரெண்டு கிடையாது, மூணு!

நம்பலையா? டி.வி. பெட்டியைக் கட்டி வர்ற பிளாஸ்டிக் பட்டை ஒண்ணை எடுங்க. முனை ரெண்டையும் சேர்த்து ஒட்டி வளையமாக்குங்க. இப்ப எட்டு போடுற மாதிரி முறுக்கி, ஒரு பாதியை இன்னொரு பாதி மேல போடுங்க. ரெண்டு வளையம் வரும். ஆனா பட்டையில ஒரு முறுக்கு மிச்சம் நின்னு முரண்டு பிடிக்கும். அதையே மூணு சுத்தா விட்டுப் பாருங்க. ஒரு சுத்துல விழுந்த முறுக்கை இன்னொரு சுத்து எதிர்ப்பக்கமாத் திருப்பிச் சரிக்கட்டிடும். சமத்தா படுத்துக்கும். அகலமும் மூணுல ஒரு பங்கா குறைஞ்சிடும். 120 செ.மீ. வட்டம், 40 செ.மீ. வட்டமாகி பைக்குள்ள போறது இப்படித்தான்.

இதை நீங்க ஏற்கெனவே பார்த்தும் இருக்கீங்க. கல்யாண மண்டபத்துல போட்டோகிராபரோட அசிஸ்டென்ட், பொண்ணு மாப்பிள்ளை முகத்துல வெளிச்சம் அடிக்க, தங்கக் கலர்ல ஒரு பெரிய வட்டத்தைப் பிடிச்சிட்டு நிப்பாரே... அவர் பந்திக்குப் போறதுக்கு முன்னாடி கவனிங்க. ஒரு உள்ளங்கை மேல பார்க்க, இன்னொண்ணு கீழ பார்க்க அதைப் பிடிச்சு, ரெண்டு கையையும் எதிரெதிரா திருப்பிக்கிட்டே கிட்டக் கொண்டு வருவார். அவ்வளவுதான், சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு வந்துடும். மரம் அறுக்குற மில்லுல பட்டை ரம்பத்தை மடக்கி வைக்கிறதும் இதே மூணு சுத்து வித்தைதான்.

சும்மா விளையாட்டு இல்ல. 2012-ல் பெல்ஜியத்தோட லூவேன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிலர், வளையங்கள் ஏன் இப்படி மடங்குதுன்னு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்காங்க. தலைப்புலயே மடக்குற கூடாரமும் உண்டு! அதனால, வராதவங்க வெட்கப்பட வேண்டாம். தூக்கிப் போட்டா விரியுற '2 செகண்ட்ஸ்' கூடாரம் 2005-ல் பிரான்ஸ்ல வந்தப்பவும், விரிச்சவங்க மடக்கத் தெரியாம முழிச்ச கதை ஊரெல்லாம் உண்டு.

சரி, கையில எடுங்க!

முதல் வேலை, பாப்பாவை வேற ரூமுக்கு அனுப்புறது. ஸ்பிரிங் எகிறினா எங்க அடிக்கும்னு சொல்ல முடியாது. விரிக்கும்போதும் இதே ரூல்தான். பையை முகத்துக்கு நேரா வச்சுத் திறக்காதீங்க.

மெத்தையை எடுத்துட்டு, கூடாரத்தைத் தலைகீழாக் கவிழ்த்து உதறுங்க. மண், பிஸ்கட் தூள், கிலுகிலுப்பை எல்லாம் வெளிய வரட்டும். ஜிப்பைக் கொஞ்சம் திறந்தே விடுங்க. உள்ள இருக்குற காத்து போக வழி வேணும்ல!

அடுத்து, புஸ்தகத்தை மூடுற மாதிரி பக்கங்களை ஒண்ணு மேல ஒண்ணு சேருங்க. கம்பியோட கம்பி ஒட்டி, பெரிய வெத்தலை மாதிரி தட்டையா வரும். இந்த இடத்துல அவசரப்படாதீங்க. கம்பிகள் சரியா சேரலைன்னா பின்னாடி எதுவுமே சேராது.

இப்ப அந்த வெத்தலையை நெட்டுக்குத்தா நிறுத்துங்க. கீழ்முனை தரையில இருக்கட்டும். மேல்முனையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, முன்பக்கமா வளைச்சு, தரையைப் பார்த்து அமுக்குங்க. ரெண்டு பக்கமும் தானா பிதுங்கி, ஆளுக்கொரு வளையமாகப் பார்க்கும். தடுக்காதீங்க. அந்த ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா நகர்த்தி விடுங்க. 'சளுக்'குனு ஒரு சத்தம்... மூணு வட்டம், ஒரே அடுக்கு! முழங்காலால மெதுவா அழுத்திப் பிடிச்சிக்கிட்டு எலாஸ்டிக்கை மாட்டுங்க. பைக்குள்ள போடுங்க.

முக்கியமான விஷயம்... முரண்டு பிடிச்சா நிறுத்துங்க! திசை மாறிப் போச்சுன்னு அர்த்தம். விட்டு விரிச்சு, மறுபடி ஆரம்பிங்க. பலத்தைக் காட்டினா கம்பி ஒரு இடத்துல முறிஞ்ச மாதிரி மடங்கிடும். அந்த மடிப்பு அப்புறம் எந்தக் காலத்துலயும் நேராகாது. குடை மாதிரி கம்பி வச்ச குழந்தைக் கொசுவலை உங்க வீட்டுல இருந்தா, இந்த வித்தை அதுக்கு வேண்டாம். மேல இருக்கிற பூட்டை விட்டுட்டு, கம்பிகளைச் சேர்த்துக் கட்டினாலே போதும்.

நாலு தடவை செஞ்சா அஞ்சாவது தடவை கை தானா போகும். கண்ணைக் கட்டிக்கிட்டுக்கூடச் செய்யலாம். ஹாஸ்டல்ல பந்தயம் கட்டிக் காசு பார்க்கலாம்!

பரணுக்கு அனுப்பும்போது...

பாப்பா ஒண்ணுக்குப் போன ஈரம், பால் சிந்தின ஈரம், பனி ஈரம்... எதுவா இருந்தாலும் ஈரத்தோட மடக்கினா ஒரே வாரத்துல புழுக்க வாடை, அப்புறம் பூஞ்சை. சோப்புத் தண்ணியில துடைச்சு, நிழல்ல காய வைங்க. நாள் முழுக்க மொட்டை மாடி வெயில்ல போட்டா துணியும் வலையும் இத்துப் போகும். வெயிலுக்குன்னே பொறந்த கூடாரத்துக்கும் வெயில் ஆகாது, பாருங்க!

காய்ஞ்சதும் ஆணியில தொங்க விடுங்க. அரிசி மூட்டைக்கும் டிரங்குப் பெட்டிக்கும் அடியில சொருகினா கம்பி கோணிக்கும். எலிக்கும் வலைன்னா ரொம்ப இஷ்டம். பரண்ல இருந்து எடுக்கும்போது வெளிய கொண்டு போய் உதறிட்டுத்தான் விரிக்கணும். பூரானும் தேளும் நம்ம ஊர்ல வாடகை கேட்காம குடியிருக்கும்.

பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை மட்டும் போட்டுடாதீங்க. அதுல இருக்கிற நாப்தலீன், ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளோட ரத்தச் சிவப்பணுக்களையே உடைச்சிடும். எந்தக் குழந்தைக்குக் குறைபாடு இருக்குன்னு பார்த்தவுடனே தெரியாது. அதனால பாப்பா பொருள் பக்கத்துலயே அது வேண்டாம்.

இன்னொண்ணு. கூடாரம் நிழல் தரும், குளிர்ச்சி தராது! நேர் வெயில்ல வச்சா உள்ள காத்து சூடாகும். கைக்குழந்தைக்கு நம்மள மாதிரி வேர்த்துக் கொட்டி உடம்பைக் குளிர வைக்கத் தெரியாது. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தையை நேர் வெயில்லயே வைக்க வேண்டாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்லுது. "காமாலைக்கு இளவெயில் காட்டணும்"னு பாட்டி சொன்னா சண்டை போடாதீங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஞாயித்துக்கிழமை வாணியாறு டேம் பக்கம் குடும்பத்தோட போனாலும் மர நிழல்லதான் கூடாரம். நாலு மூலையும் தரையோட கட்டியிருக்கணும், ஒரு பெரியவங்க கண் எப்பவும் பாப்பா மேல இருக்கணும். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காத்து கிளம்பினா இந்த டென்ட்டெல்லாம் பட்டம் மாதிரி!

சேலையில ஒரு கூடாரம்

இதெல்லாம் கூடாரம் இருக்கிற வீட்டுக்கு. கூடாரத்தைக் கண்ணால பார்க்காத குழந்தைங்க எங்க தூங்குது?

எங்க பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கரும்பு வெட்டு நடக்கிற காட்டோரமோ, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குற வயலோரமோ போய்ப் பாருங்க. புளிய மரத்துக் கிளையில பழைய சேலை ஒண்ணு தொங்கும். மெல்ல ஆடும். உள்ள ஒரு உசுரு தூங்கிட்டு இருக்கும். தூளி! ஸ்பிரிங் இல்ல, ஜிப் இல்ல, மூணு சுத்துக் கணக்கும் இல்ல. வேலை முடிஞ்சா முடிச்சை அவிழ்த்து, உதறி, நாலா மடிச்சா அது மறுபடியும் சேலை. மடக்கி வைக்கிற விஷயத்துல நம்ம பாட்டிங்களை அடிச்சிக்க ஆளே இல்ல.

ஆனா தூளி கட்ட ஒரு மரம் வேணுமே? ஏரி தூர் வார்ற இடத்துல, ரோடு போடுற இடத்துல மரத்துக்கு எங்க போறது? அதை யோசிச்சவங்க இருந்தாங்க. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துல, அதான் நம்ம '100 நாள் வேலை' சட்டத்துல, இரண்டாவது அட்டவணையிலயே எழுதி வச்சாங்க. வேலை நடக்கிற இடத்துல குடிதண்ணி, முதலுதவிப் பெட்டி, அதோட குழந்தைகளுக்கு நிழல். ஆறு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைங்க அஞ்சு பேரோ, அதுக்கு மேலயோ வந்தா, பார்த்துக்க அந்தப் பெண்கள்லயே ஒருத்தர், அவருக்கும் கூலி. நல்லா கவனிங்க, அது யாரும் போட்ட பிச்சை இல்ல, சட்டம். 2025 டிசம்பர்ல பார்லிமென்ட் அதுக்குப் பதிலா புதுச் சட்டத்தை நிறைவேத்துச்சு. சட்டத்தோட பேர் மாறலாம்... சித்திரை வெயில் மாறல. குழந்தையோட தலையும் அதே பிஞ்சுத் தலைதான்.

அடுத்த தடவை பஸ் ஜன்னல் வழியா அப்படி ஒரு வேலை நடக்கிறதைப் பார்த்தா, குழந்தைங்க எங்க இருக்குன்னு தேடுங்க. நிழல் இல்லைன்னா கிராம சபையில எழுந்து கேளுங்க. பதினெட்டு வயசாகி உங்க ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். நாலு மூங்கில், ஒரு தார்ப்பாய். கோடி ரூபா செலவில்ல.

வீட்டுக் கூடாரம் உங்க பொறுப்பு. மொட்டை அடிச்சு, மடியில உட்கார வச்சுக் காது குத்துறப்ப மாமனுக்கு மாலை மரியாதை எல்லாம் உண்டு. தட்டு நிறைய சீரும் வைக்கணும். அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்போதைக்கு, தோள்ல குழந்தையோட நிக்கிற அக்காகிட்ட போய், "நீ உட்காருக்கா, நான் மடக்குறேன்"னு சொல்லுங்க. முதல் சீர் அதுதான்!