ஒரு நாள் முன்னதாக

சென்ற ஜனவரி இறுதியில் என் பழைய கணினி ஒருவழியாக ஓய்ந்தது. கம்பைநல்லூர் வீட்டுக்குப் புதியதொன்று வந்தது. பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், புகைப்படங்கள் யாவும் பழுதின்றி இடம்பெயர்ந்தன. நாட்காட்டி மட்டும் வம்பு செய்தது. ஒவ்வொரு குறிப்பும் இரட்டையாகத் தெரிந்தது. அதனினும் விந்தை, அப்பாவின் நினைவுநாள் பிப்ரவரி 12-இலிருந்து 11-க்கு நகர்ந்திருந்தது.

அதை நம்பி, ஓசூரில் இருக்கும் தம்பியை 11-ஆம் தேதி வரச் சொன்னேன். "அண்ணா, என் போன்ல 12-ன்னு இருக்கே? லீவுகூட 12-க்குத்தான் சொல்லியிருக்கேன்" என்றான். அப்பா இறந்த நாளை இயந்திரத்தைப் பார்த்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

காரணம் எளியது. புதிய கணினியின் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்ற நான் மறந்திருந்தேன். அது உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நினைவுநாளை 'முழுநாள்' என்று குறிக்காமல் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதாகப் பதிந்திருந்தேன். நமது நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 6.30. முழுநாள் குறிப்பாக இருந்தால் அது வெறும் தேதி. எந்த மண்டலத்திலும் நகராது.

இரட்டிப்புக்கும் நானே பொறுப்பு. பழைய கணினியிலிருந்து கோப்பாக எடுத்து வந்து ஏற்றினேன்; இணையக் கணக்கும் தன் பங்குக்கு அதே குறிப்புகளை இறக்கிவிட்டது. முதலில் ஒத்திசைவை நிறுத்தினேன். அது ஓடும்போது அழித்தால் தம்பியின் கைப்பேசியிலும் அழிந்துவிடக் கூடும். பிறகு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கோப்பிலிருந்து வந்தவற்றை மட்டும் நீக்கினேன். நேர மண்டலத்தைத் திருத்தி, மீண்டும் இணைத்தேன். தேதிகள் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

வெற்றிப் பெருமிதத்துடன் அம்மாவிடம், "12-தாம்மா சரி" என்றேன்.

"பதினொண்ணுதாண்டா. அன்னிக்கு ராத்திரிதானே போனாரு" என்றார்.

அப்பா இறந்தது நள்ளிரவு கடந்து 12.40-க்கு. சான்றிதழில் 12 என்றிருக்கிறது. விடியும்வரை அருகிலேயே அமர்ந்திருந்த அம்மாவுக்கு அந்த இரவு இரண்டு தேதிகளாகப் பிளவுபடவே இல்லை. பஞ்சாங்கக் கணக்கிலும் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. சிறுபொழுது ஆறில் யாமம் என்பது இரவு 10 மணி முதல் 2 மணி வரை. நள்ளிரவு அதன் நடுவே கோடு கிழிப்பதில்லை. இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லித்தருபவன் நான். என் வீட்டு யாமத்தை மட்டும் கடிகாரத்திடம் ஒப்படைத்திருந்தேன்.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் கண்ட வேறு பாடங்களை வீசிவிடாமல் குறித்துவைத்தார். நானும் 12-ஐ முழுநாள் குறிப்பாக்கி, அதன் கீழே, "அம்மாவின் கணக்கில் 11 இரவு" என்று எழுதிவைத்தேன்.

தம்பி 11-ஆம் தேதி மாலையே வந்துவிட்டான். அம்மா அன்றிரவு விளக்கை அணையவிடவில்லை. படையல் மறுநாள்.