கோடியக்கரைக்கு நாள் பார்த்தல்

மாத நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் போட்டுக்கொண்டு நானும் மகளும் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறோம். கோடியக்கரைக்குப் போக வேண்டும். "மே மாசம் லீவுதானேப்பா, அப்பப் போனா என்ன?" என்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ஒருமுறை மே மாதம் அங்கே போய் வந்தவன்.

சதுப்பு நிலத்தின் விளிம்பில் நின்றபோது தூரத்தில் வெள்ளையாக நீளக் கோடு ஒன்று தெரிந்தது. பூநாரைக் கூட்டம் என்று நினைத்து நடந்தேன். எவ்வளவு நடந்தும் அது அசையவில்லை. கிட்டப் போய்க் குனிந்து தொட்டால், உப்பு. சேறு பாளம் பாளமாக வெடித்து, பாளத்தின் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஒரு பாளத்தில் மட்டும் பறவையின் கால் தடம் காய்ந்து இறுகிக் கிடந்தது: மூன்று விரல், நடுவே சவ்வு பதிந்த அடையாளம். அன்று நான் பார்த்த பூநாரை அவ்வளவுதான்.

அதனால் பள்ளி விடுமுறைக்கு முன்னால் மழையைப் பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரை தெற்கே இறங்கி வந்து சட்டென்று மேற்கே திரும்புகிற முனை அது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, உப்பேறிய சதுப்பில் நன்னீர் கலந்தால்தான் பறவைகளுக்கு இரை பெருகும். அக்டோபரிலிருந்தே வரத் தொடங்கிவிடுகின்றன. எனக்குப் பூநாரையைவிடக் கொசு உள்ளான்மேல்தான் பிரியம் அதிகம். ஏறக்குறைய முப்பது கிராம் உடம்பு. வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றைத் தேடி வருகிறது. 1967இல் சரணாலயமும் 2002இல் ராம்சார் தகுதியும் வந்தது நமக்குத்தான் செய்தி. உள்ளானுக்கு இந்த வழி அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

நவம்பரில் புயல் பயம். டிசம்பரில் பரீட்சை. ஆக, தை மாதம். பங்குனி ஆமை என்று பெயர் இருந்தாலும் தையிலேயே முட்டையிடக் கரையேறத் தொடங்கிவிடும். தை அமாவாசையை மட்டும் தவிர்க்க வேண்டும். கடலாட வரும் கூட்டத்தில் கரையே தெரியாது. இரவில் டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும் என்று மகளிடம் சொன்னேன். அவள் எடுத்துப்போகும் சாமான்களின் பட்டியலில் டார்ச்சை அடித்தாள். சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டாள்.

இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வேறு. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. காடு சாய்ந்தது. மான்களின் உடல்கள் காரைக்கால் வரை கரை ஒதுங்கின. அந்த மே மாத வெயிலில், பாலை மர நிழலில், பத்தடி தூரத்தில் வெளிமான் கிடா ஒன்று நின்று என்னைப் பார்த்திருக்கிறது. முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மூச்சு விடும்போது விலா ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. அந்த மரம் இல்லாத இடத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்று வேதாரண்யத்தில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டேன். சதுப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு மழை பெய்யணும் சார். பொங்கல் கழிச்சு வாங்க, சரியா இருக்கும்." சற்றுத் தயங்கி, மரங்களைப் பற்றிக் கேட்டேன்.

"பாலை சாஞ்ச இடத்துல அடியிலேர்ந்து தழைச்சு வந்திருக்கு சார். மானு நிக்கிற அளவுக்கு நெழல் இருக்கு."

போனை வைத்தபோது மகள் ஜனவரித் தாளில் பென்சிலை வைத்துக்கொண்டு, எந்தத் தேதி என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.