பெரிய நடிகரும் சின்ன ஊர் மேடையும்



இந்த வாரம் மான்செஸ்டரில் ஒரு நாடகம் பார்க்கப் போனேன். நிகழ்ச்சிக் கையேட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. முக்கிய வேடக்காரருக்கு உடம்பு சரியில்லை, இன்று அவருக்குப் பதில் இன்னார் நடிப்பார் என்று இரண்டே வரி. மணி அடித்தது, விளக்கு அணைந்தது, நாடகம் தொடங்கிவிட்டது. மறுநாள் மதுரையில் இருக்கும் மைத்துனனிடம் போனில் இதைச் சொன்னேன். "என்ன மச்சான், டூப்பு போட்டு ஏமாத்திட்டானுங்களா? காசத் திருப்பிக் கேட்டீங்களா இல்லையா?" என்றான். டூப்பு என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆத்திரத்தில்தான் இந்த மடல்.

இங்கே இங்கிலாந்தில் பெரிய நாடகங்களில் பெரும்பாலும் முக்கிய வேடங்களுக்கு 'அண்டர்ஸ்டடி' என்று ஒரு மாற்று நடிகர் இருப்பார். சம்பளத்துக்குச் செய்யும் முறையான வேலை அது. வசனம் முழுக்க மனப்பாடமாக இருக்க வேண்டும். எந்த வரியில் எங்கே நிற்பது, எந்தப் பக்கத்திலிருந்து வருவது, வாளை எந்தக் கையில் பிடிப்பது எல்லாம் அத்துப்படியாக வேண்டும். நாடகம் அரங்கேறி ஓடத் தொடங்கிய பிறகும் இவர்களுக்கென்று தனி ஒத்திகை நடக்கும். பலர் அதே நாடகத்தில் சேவகனாகவோ தூதனாகவோ வந்துபோய்க்கொண்டே பெரிய வேடத்தை மனதுக்குள் சுமந்துகொண்டிருப்பார்கள்.

இதோடு 'ஹாஃப்' என்று இன்னொரு கட்டுப்பாடு. பெயர் அரைமணி, கணக்கு 35 நிமிடம். முதல் காட்சி நடிகர்களை மேடைக்கு அழைக்கும் கடைசி அழைப்பு, நாடகம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிடும். அரைமணியை அதிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். அந்த நேரத்துக்குள் நடிகர் அரங்கத்துக்குள் இருந்தாக வேண்டும். சர் பட்டம் வாங்கியவரானாலும் விலக்கு கிடையாது. வரவில்லையென்றால் மாற்று நடிகரைத் தயாராகச் சொல்லிவிடுவார்கள். நடிகர் மாறக்கூடும் என்று டிக்கெட் விதியிலேயே எழுதியிருக்கும். காசு கொடுப்பது நாடகத்துக்கு, ஒரு முகத்துக்கு அல்ல.

2024 ஜூன் 17ஆம் தேதி இரவு நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு இந்த ஏற்பாட்டின் அருமையை ஊரே பார்த்தது. லண்டன் நோயல் கவர்ட் அரங்கில் 'ப்ளேயர் கிங்ஸ்' நடந்துகொண்டிருந்தது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டு பாகங்களையும் சேர்த்து ராபர்ட் ஐக் அமைத்த நாடகம். ஃபால்ஸ்டாஃப் என்ற தொந்திக்கார வீரனாக சர் இயன் மெக்கெல்லன். 85 வயது முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. போர்க்களக் காட்சியில் கால் இடறி, மேடையின் முன்விளிம்பிலிருந்து பார்வையாளர் பக்கம் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, முதுகெலும்பிலும் அடி. தொந்திக்காகக் கட்டியிருந்த மெத்தை உடைதான் விலா எலும்பைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார். அன்றைய காட்சி நின்றது. அதன்பின் டேவிட் செமார்க் என்ற மாற்று நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். பிரிஸ்டல், பர்மிங்ஹாம், நாரிச், நியூகாசில் என்று நாடகம் ஊர் ஊராகப் போனபோதும் அவர்தான் ஃபால்ஸ்டாஃப். இப்படி ஒருவரை டூப்பு என்று எந்த நாக்கால் சொல்வது?

மெக்கெல்லனைப் பற்றி எழுத எனக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். நான் குடியிருக்கும் போல்டனில் வளர்ந்த பிள்ளை அவர். 1939இல் பர்ன்லியில் பிறந்து, விகனில் சிறுவயதைக் கழித்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்தார். அதே வயதில் தாயை இழந்தார். அப்பா பொறியாளர். முதன்முதலில் ஷேக்ஸ்பியர் பார்க்க அவரைக் கூட்டிப்போனது அக்கா ஜீன். விகனில் உள்ளூர்க்காரர்கள் ஓய்வுநேரத்தில் போட்ட நாடகம் அது. பெரிய லண்டன் அரங்கம் ஒன்றும் இல்லை.

போல்டன் பள்ளியிலிருந்து உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போனார். நடிப்புக் கல்லூரி எதிலும் படிக்கவில்லை. 1961இல் கவென்ட்ரி நகரின் பெல்கிரேட் அரங்கில் தொழில்முறை நடிகராக முதன்முதலில் மேடையேறினார். அப்புறம் இப்ஸ்விச், நாட்டிங்ஹாம். அப்போது ஊருக்கு ஊர் 'ரெப்' என்ற நிலையான நாடகக் குழுக்கள் இருந்தன. இரவில் ஒரு நாடகம் நடிப்பார்கள், பகலில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். இந்த மாதம் கிழவன், அடுத்த மாதம் காதலன். அந்த அடுப்பில் வெந்து வந்தவர் மெக்கெல்லன்.

இதைப் படிக்கும்போது, சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய நம் பாய்ஸ் கம்பெனிகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? சங்கரதாஸ் சுவாமிகள், நவாப் ராஜமாணிக்கம், டி.கே.எஸ். சகோதரர்கள் என்று எத்தனை பட்டறைகள்! எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிப்பட்ட கம்பெனிகளில் பசியோடு பாடம் படித்தவர்கள்தானே! இன்னொன்றையும் பெருமையாகச் சொல்வேன். நம் ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், கோமாளியான பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகையே கிடையாது. மேடையில் சந்தித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுப் போவார்கள். சுவாமிகள் எழுதிவைத்தது அத்தனை பேர் தொண்டையிலும் இருக்கிறது. இங்கிலாந்துக்காரனின் அண்டர்ஸ்டடி ஏற்பாடு எவ்வளவு ஒழுங்கானது என்றாலும், இந்த வித்தைக்கு அது ஈடாகாது. மாசிக் காற்றில் கோயில் பொட்டலில் பாய் விரித்துப் பார்த்த அந்த இரவுகளை நினைத்தால் இங்கே உள்ள மெத்தை நாற்காலி உறுத்துகிறது.

சரி, மெக்கெல்லனுக்கு வருகிறேன். 1969இல் 'இரண்டாம் ரிச்சர்ட்', 'இரண்டாம் எட்வர்ட்' இரண்டிலும் அரசராக நடித்து எடின்பரோ விழாவைக் கலக்கினார். 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடிகை ஜூடி டென்ச்சோடு 'மெக்பெத்'. ட்ரெவர் நன் இயக்கிய அந்த நாடகம் நடந்தது ஒரு தகரக் கொட்டகையில்! 'அமேடியஸ்' நாடகத்துக்காக 1981இல் அமெரிக்காவின் டோனி விருது. 1988இல், உள்ளாட்சி அமைப்புகள் ஓரினக் காதலை ஆதரித்துப் பேசுவதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, தானும் ஓரினக் காதலர் என்று பிபிசி வானொலியில் வெளிப்படையாக அறிவித்தார். தொழில் போய்விடும் என்று பலர் வாய்மூடி இருந்த காலம் அது. மறு ஆண்டு ஸ்டோன்வால் என்ற உரிமை அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1991இல் சர் பட்டம்.

அறுபதையொட்டிய வயதில்தான் உலகம் அவரை முகம் பார்த்து அறிந்தது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் மந்திரவாதி காண்டால்ஃப், 'எக்ஸ்-மென்' படங்களில் மேக்னீட்டோ. அதோடு அவர் மேடையை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 2004இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் பெண் வேடம் கட்டி 'அலாவுதீன்' சிரிப்பு நாடகத்தில் ஆடினார். 2007இல் 'லியர் மன்னன்' வேடத்தோடு சிங்கப்பூர் வரை போனார். 2021இல் 82 வயதில் விண்ட்சர் அரங்கில் இளவரசன் ஹாம்லெட்டாக நின்றார்.

எல்லாவற்றிலும் என்னை உருக்கியது 2019. தன் 80ஆம் பிறந்தநாளுக்காக 80 அரங்குகளில் தனியாளாக மேடையேறினார். வளர்ந்த ஊர்ப்பக்கம், பயின்ற சின்ன அரங்குகள், உள்ளூர்க் குழுக்கள் என்று தேடிப் போனார். கிடைத்த லாபம் அந்தந்த அரங்குக்கே. ஆட்டம் முடிந்ததும் கையில் வாளியோடு வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் நன்கொடை வாங்கினார். அந்த அரங்குகள் தனக்குச் சோறு போட்டன, கடனைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் அது.

நம்மிடம் இது இல்லாமல் போனதுதான் என் ஆற்றாமை. சிவாஜி சினிமாவில் கொடிகட்டிப் பறந்தபோதும் நாடக மன்றம் வைத்து மேடையேறினார். அவருக்குப் பின் முதல் வரிசை நாயகர்கள் எத்தனை பேர் அதைத் தொடர்ந்தார்கள்? திருவிழாக் காலம் முடிந்தால் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு வேலை இல்லை. கோடிகளில் சம்பளம் வாங்குகிற நம் பெரிய நடிகர்கள் ஆண்டுக்கு ஒரு மாதம் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நெல்லையிலும் மேடையேறட்டும். வசூலை அந்த ஊர்க் கலைஞர்களுக்கே கொடுக்கட்டும். ராஜபார்ட்டோடு ஒரே மேடையில் நின்று, மைக்கை நம்பாமல் கடைசி வரிசைக்குக் குரலை எட்டவைத்துக் காட்டட்டும். அப்படி நிற்பவரை நான் பெரிய நடிகர் என்று ஒப்புக்கொள்வேன்.